இன்ஜினின் நெற்றியில் ஒரு விளக்கு

நேயர்களுக்கு வணக்கம். ராத்திரியில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். சத்தம் கேட்பதற்கு முன்பே பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். மேசைமேல் ஓடுகிற சின்ன மாடல் ரயிலுக்கும் அந்தப் புள்ளிதான் உயிர் தருகிறது. விளக்கு எரியாத மாடல் இன்ஜின் எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தாலும் எனக்கு மனம் நிறைவதில்லை.

ஹெச்ஓ அளவு ரயில் என்றால், நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. பழைய முறையில் தண்டவாளம் வழியாகவே 12 வோல்ட் வரை டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வரும். வெள்ளை எல்இடிக்கு வேண்டியதோ சுமார் 3 வோல்ட். மீதி 9 வோல்ட்டை, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகமான ஒரு ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். 1,000 ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர் ஓடும். நெற்றி விளக்குக்கு அது தாராளம். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக இணைத்தால் எல்இடி ஒரு நொடியில் போய்விடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எல்இடி ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். இன்ஜினைப் பின்னால் ஓட்ட, தண்டவாளத்தில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றுகிறோம் இல்லையா? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு எல்இடிகளை ஒன்றுக்கொன்று தலைகீழாக இணைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போடுங்கள். போகிற பக்கத்து விளக்கு தானாக எரியும். ஒன்று எரியும்போது மற்றதன் மேல் தலைகீழ் மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏறாமல் அதுவே காத்துவிடும்.

நான் முதன்முதலில் விளக்கு வைத்த இன்ஜினைச் சொல்ல வேண்டும். சால்டரிங் முடித்து, இன்ஜினின் பிளாஸ்டிக் மேல்கூட்டை மாட்டி, அறை விளக்கை அணைத்தேன். நெற்றி மட்டுமா எரிந்தது? கூடு முழுக்கக் காகித விளக்குக் கூண்டு மாதிரி ஒளிர்ந்தது. கூரை இடுக்கில் ஒரு வெள்ளைக் கோடு. பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லியது என்பது வெளிச்சம் பட்ட பிறகுதான் தெரிகிறது. மறுநாள் கூட்டைக் கழற்றி, உட்புறம் இரண்டு கை கறுப்புப் பெயின்ட் அடித்தேன். எல்இடியைச் சுற்றிக் கறுப்புக் குழாய்த் துண்டு ஒன்றையும் மாட்டினேன். அப்புறம் பார்த்தால், இருட்டில் அந்த ஒரு புள்ளி மட்டும்! அன்று வெகுநேரம் அறை விளக்கைப் போடவே இல்லை.

நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளை நீராவி இன்ஜினுக்கு ஒட்டவே ஒட்டாது. வார்ம் ஒயிட், அதாவது லேசான மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடி வாங்குங்கள். இல்லையென்றால் இருக்கிற எல்இடியின் தலையில் ஒளி ஊடுருவும் மஞ்சள் பெயின்ட்டை மெல்லத் தடவுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: அதில் ரயில் நின்றாலும் விளக்கு எரியும். அந்தக் கட்டளையை வாங்கிச் செயல்படுத்த இன்ஜினுக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட்டான டிகோடரில் நீல ஒயர் பொதுவான பிளஸ், வெள்ளை ஒயர் முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு. விளக்கு மினுக்கினால் முதலில் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடையுங்கள். டிசிசியிலும் ரெசிஸ்டரை மறந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.