சாவிக்கொத்தும் சந்தா நோட்டும்

அவைத்தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். 'அன்பும் மத நிறுவனங்களும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் அந்த 'உம்'மில்தான் சிக்கலே இருக்கிறது. அரை மணி நேரம் என்றார் தலைவர். அவர் கடிகாரத்தைப் பார்க்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவரின் அப்பா தவறிவிட்டார். அடக்கத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க, விடிந்ததும் விடியாததுமாக நண்பரோடு நானும் போனேன். எந்த மதம், எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் முக்கால்வாசிப் பேர் 'நம்மிடம் அப்படி இல்லை' என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

சின்ன அலுவலக அறை. சுவரில் அன்பைப் பற்றி ஒரு வாசகம், பெரிய எழுத்தில். அதற்கு நேர் கீழே இரும்பு பீரோ. எழுத்தர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து பீரோவைத் திறந்தார். நீளமான நோட்டு ஒன்றை மேசையில் போட்டு, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். குடும்பத்தின் பெயர் அகப்பட்டது. தலையைத் தூக்காமலே சொன்னார்: "26 மாசச் சந்தா பாக்கி இருக்கு தம்பி."

நண்பர் சட்டைப் பையைத் தடவினார். அப்பாவைப் பாயில் கிடத்திவிட்டு வந்தவனிடம் என்ன பணம் இருக்கும்? எனக்குச் சுர்ரென்று ஏறியது. சுவரில் இருந்த வாசகத்தைக் காட்டி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எழுத்தர் தன் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி, மேசையில் எங்கள் பக்கமாக வைத்தார். அப்புறம் அதே பணத்தை அவரே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளைச் சரியாக வைத்து, இறந்தவர் பெயருக்கு 26 மாதத்துக்கும் ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "அப்பா எனக்கும் ரொம்பப் பழக்கம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

பாக்கியைத் தள்ளுபடி செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. கொடுக்க மனசு இருந்தது. என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வெளியே வந்தேன். இன்றைக்கும் அது சரியாக எங்கேயும் உட்காரவில்லை.

மேடைகளில் இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு குறுக்கு வழியில் போய்விடுவார்கள். நிறுவனத்தில் இருப்பவர்கள் போலிகள், பேசுவது ஒன்று, செய்வது ஒன்று, அவ்வளவுதான் என்பார்கள். கைதட்டு நிச்சயம். போலிகள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எழுத்தரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. அதைவிடச் சங்கடமான கேள்வி, உண்மையாகவே அன்பு உள்ளவர்கள் கூடிக் கட்டிய இடத்தில் இது எப்படி நடக்கிறது என்பது.

அசிசி பிரான்சிஸை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் பெரிய துணி வியாபாரியின் மகன். அப்பாவின் சொத்து வேண்டாம் என்று, போட்டிருந்த துணியைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறியவர். தன் தோழர்கள் காசைத் தொடவே கூடாது என்று விதி வைத்தார். 1226 அக்டோபரில், சாகும் தறுவாயில், தன்னை வெறும் தரையில் கிடத்தச் சொன்னார். ஒரு சாசனமும் சொல்லிவிட்டுப் போனார். ரோமிடம் சலுகைக் கடிதம் கேட்டுப் போகாதீர்கள், நான் சொன்னதற்கு உரை எழுதாதீர்கள் என்பவை அதில் இரண்டு கட்டளைகள். உரையாசிரியர்கள் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1228 ஜூலை 16 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார் போப் ஒன்பதாம் கிரகோரி. மறுநாளே, அவருக்காகப் பெரிய தேவாலயம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். வெறும் தரை கேட்டவருக்கு. 1230-இல் அதே போப், அந்தச் சாசனம் பிரான்சிஸ் தொடங்கிய துறவியர் குழுவின் சகோதரர்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொன்னார். இதில் கவனிக்க வேண்டியது, தீர்ப்புக் கேட்டுப் போனவர்கள் பிரான்சிஸின் ஆட்களேதான். அவர்களையும் சும்மா திட்டிவிட முடியாது. கூட இருந்தவர்கள் பன்னிரண்டு பேராக இருந்த காலத்தில் காசைத் தொடாமல் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டால்? நோயில் விழுந்தவனுக்கு மருந்து யார் வாங்குவது? குளிர்காலத்தில் எங்கே படுப்பது? ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பொருள் எல்லாம் வேறொருவர் பெயரில், நாங்கள் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான். பினாமி என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது, பாவம்.

இதற்கு ஒத்துவராத சிலர் இருந்தார்கள். எங்கள் அங்கி கிழிந்ததாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், மடத்தில் தானியமும் திராட்சை ரசமும் சேர்த்துவைக்க மாட்டோம் என்றார்கள். 1317-இல் போப் இருபத்திரண்டாம் ஜான் ஆணை போட்டார்: வறுமை பெரியது, மாசின்மை அதைவிடப் பெரியது, கீழ்ப்படிதல் எல்லாவற்றிலும் பெரியது. அந்த வரிசையை இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். அன்பு அதில் இல்லை. 1318 மே மாதம் மார்செய் நகரில் அந்தச் சகோதரர்களில் நாலு பேரைக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். பிரான்சிஸ் செத்து நூறு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. பிரான்சிஸைப் போலவே வாழ்வோம் என்று அடம்பிடித்தவர்கள், பிரான்சிஸைப் பீடத்தில் ஏற்றிய சபையின் தீர்ப்பால் செத்தார்கள்.

ஜெருசலேம் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இயேசுவின் கல்லறை இருந்ததாகச் சொல்லப்படும் தேவாலயத்தில் ஆறு சபைகளுக்குப் பங்கு உண்டு. எது யாருக்கு என்பதை, இருக்கிறபடி இருக்கட்டும் என்று 1852-இல் துருக்கி சுல்தான்தான் உறுதி செய்தார். வாசல் சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக. 2002 ஜூலையில் அந்தக் கூரை மேல் உட்கார்ந்திருந்த எகிப்தியத் துறவி ஒருவர் வெயில் தாங்காமல் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியத் துறவிகள் தங்கள் இடத்தைப் பிடிப்பதாக நினைத்தார்கள். அடிதடியில் 11 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லாரும் 'அயலானை நேசி' என்பதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள்.

சிரிக்கிறீர்கள், சரி. நம் பக்கமும் வருவோம்.

பதினெட்டு முறை நடந்து நடந்து, ராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் பெற்றார். யாருக்கும் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. சொன்னால் நரகம். அவர் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார், நான் ஒருவன் நரகத்துக்குப் போனால் போகட்டும் என்று. குருபரம்பரை சொல்லும் கதை இது. அவரை ஆசாரியராகக் கொண்ட வடகலை, தென்கலை என்ற இரண்டு வைணவப் பிரிவாரும் காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் யார் முன்னால் நின்று ஓதுவது, எந்தத் தனியனை, அதாவது குருவைப் போற்றும் சுலோகத்தை, சொல்லித் தொடங்குவது என்று வழக்காடிக்கொண்டு வருகிறார்கள். ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களில் ஆரம்பித்து நம் காலத்து உயர் நீதிமன்றம் வரை வந்திருக்கிறது. தென்கலையாரின் தனியன் 'ஸ்ரீசைலேச தயாபாத்ரம்' என்று தொடங்கும். வடகலையாருடையது 'ராமானுஜ தயாபாத்ரம்' என்று தொடங்கும். இரண்டிலும் தயாபாத்ரம் இருக்கிறது. தயைக்குப் பாத்திரமானவர் என்று பொருள். எந்தத் தயை முதலில் என்பதுதான் வழக்கு.

கோபுரத்தில் ஏறிய அந்த மனசை யாருக்கும் எழுதிவைக்க முடியாது. முதல் தீர்த்தம் யாருக்கு என்பதை எழுதிவைக்கலாம். முறையை, நிலத்தை, நகையை எழுதிவைக்கலாம். அன்புக்கு வாரிசுச் சான்றிதழ் கொடுக்கிற தாசில்தார் இன்னும் பிறக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வாரிசு வந்துவிடுகிறது. வந்தவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. கையில் கொடுத்ததைப் பத்திரமாகக் காப்பாற்றுகிறார்கள். கொடுக்க முடியாமல் போனது எது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

இந்தக் காப்பாற்றுதல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இது சிரிக்கிற கதை இல்லை. கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்பவர் 1710-இல் இறந்தபோது, பார்படோஸ் தீவில் இருந்த தன் இரண்டு கரும்புத் தோட்டங்களை, வெளிநாடுகளில் நற்செய்தி பரப்புவதற்காக இங்கிலாந்துத் திருச்சபையினர் நடத்திய சங்கத்துக்கு உயில் எழுதினார். உடலுக்கு வைத்தியமும் ஆன்மாவுக்கு உபதேசமும் கற்றவர்களை உருவாக்க ஒரு கல்லூரி வேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல ஆசைதான். கூடவே இன்னொரு நிபந்தனை: தோட்டத்தில் எப்போதும் குறைந்தது 300 அடிமைகள் இருக்க வேண்டும். சங்கம் ஏற்றுக்கொண்டது. ஆரம்ப வருடங்களில் அந்த அடிமைகளின் நெஞ்சில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'சொசைட்டி' என்று சூடு போட்டார்கள். சங்கம் என்று அர்த்தம். அன்பின் செய்தியைக் கடல் தாண்டிக் கொண்டுபோகப் பிறந்த சங்கத்தின் பெயர், மனிதத் தோலில்.

நூறு வருடத்துக்கு மேல் அந்தத் தோட்டம் ஓடியது. 1833-இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தபோது, 411 பேரை விட்டதற்கு நஷ்டஈடாகச் சங்கத்துக்கு 8,823 பவுண்டு கிடைத்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. 2006 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை மன்னிப்புக் கேட்டது. லண்டனில் உட்கார்ந்து நிர்வாகம் செய்தவர்கள் எல்லாரும் அரக்கர்கள் என்று நான் நினைக்கவில்லை. என் எழுத்தருக்கு முன்னால் என் நண்பரின் முகம் இருந்தது. அவர்களுக்கு முன்னால் கணக்குப் புத்தகம் மட்டும் இருந்தது. நடுவில் ஒரு கடல்.

அப்படியென்றால் நிறுவனமே வேண்டாமா? அன்பு மனசில் இருந்தால் போதாதா? என்னிடம் இதைக் கேட்கிற இளைஞர்கள் அதிகம். ஒரு காலத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது அவ்வளவு வேகமாக ஆட்டுவதில்லை. வடலூர்தான் காரணம்.

1867-இல் வள்ளலார் அங்கே தருமசாலையைத் தொடங்கினார். பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். 1874-இல் அவர் போய்விட்டார். அடுப்பு நிற்கவில்லை. எப்படி? அரிசி வந்து இறங்க வேண்டும். இறங்கியதை ஒருவர் அளந்து வாங்க வேண்டும். அளந்ததை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் எலி தின்னும், எலிக்கு முன்னால் மனிதன் தின்பான். பூட்டினால் சாவி. சாவி யாரிடம் என்றால் பொறுப்பு. பொறுப்பு என்றால் கணக்கு, கையெழுத்து, தேர்தல், கோஷ்டி. வள்ளலாரின் கருணை ஒருவேளைச் சோற்றோடு நின்றிருந்தால் இது எதுவும் தேவைப்பட்டிருக்காது. நாளைக்கும் பசிக்குமே என்று நினைத்தது அந்தக் கருணை. நிறுவனம் அந்த நினைப்பில் பிறந்தது. அன்புக்கு எதிரி என்று வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போட்டதில்லை.

சாத்திரச் சண்டையும் சாதியும் வேண்டாம் என்றவர் எழுப்பிய ஞானசபையில், எந்த முறையில் வழிபடுவது என்பது பிற்காலத்தில் வழக்காகிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கொஞ்ச தூரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே பெயரின் கீழ். இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட எனக்கு வழி தெரியவில்லை. வந்திருக்கும் தோழர்கள் யாருக்காவது தெரிந்தால் கேள்வி நேரத்தில் சொல்லுங்கள்.

அன்பும் சிவமும் இரண்டு என்பவர்கள் அறிவிலார் என்றார் திருமூலர். சிவமும் சிவன் கோயில் அலுவலகமும் ஒன்றா இரண்டா என்று அவர் சொல்லவில்லை. அதை நாம்தான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மேசையிலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தலைவர் மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அந்த எழுத்தர் கதையில் ஒரு துண்டு பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு மாதம் கழித்து, அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க நண்பர் போனார். நானும் கூடப் போனேன். அதே அறை, அதே வாசகம், அதே பீரோ. நண்பர் உறையை நீட்டினார். எழுத்தர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஐயையோ, அதெல்லாம் வேண்டாம் தம்பி. அப்பாவுக்கு நான் செய்யக் கூடாதா?" என்றார். நண்பர் வற்புறுத்தினார். அவர் மறுத்தார். இப்படியே ஐந்து நிமிஷம் போனது. உறை மேசை நடுவில் கிடந்தது.

கடைசியில் எழுத்தர் ஏதோ யோசித்தவர் போலச் சாவிக்கொத்தை எடுத்தார். பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டு அந்தப் பக்கத்துக்கு வந்தார்.

"சரி, ஒண்ணு பண்ணலாமா? அம்மா பேர்ல அடுத்த 26 மாசத்துக்கு வரவு வச்சிரட்டுமா?"