பீட் போசில்த்வெய்ட்டை வளர்த்த அரங்கம்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மைக் செட்டிலிருந்து மோர் வரை பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்த வர்த்தகர் சங்கப் பெரியவர்களே, நூலகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த நாடகக் கலைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேய நடிகர் பீட் போசில்த்வெய்ட்டைப் பற்றி மூன்று விஷயங்கள் பேசலாமென்று வந்தேன். அவர் வளர்ந்த அரங்கம், அவர் முகம், அவர் குரல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதனால் அரங்கத்திலேயே தொடங்குகிறேன்.

1946-ல் வாரிங்டனில் பிறந்தவர். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர், அப்புறம் பிரிஸ்டலில் நடிப்புப் பயிற்சி, பிறகு லிவர்பூலின் எவ்ரிமேன் தியேட்டர். பழைய தேவாலயக் கட்டடம் அது, 1964-ல்தான் நாடக அரங்கமானது. பின்னால் பெரிய நடிகர்களான ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜோனதன் பிரைஸ் எல்லோரும் எழுபதுகளில் அங்கே வேலை செய்தவர்கள். வேனில் ஏறி பப்புகளுக்கே போய் நாடகம் போட்டார்கள். கையில் கிளாஸோடு அரட்டை அடிக்கிறவனைத் திரும்பிப் பார்க்க வைப்பதைவிடப் பெரிய பயிற்சி ஏது!

அவர் பெயரைச் சொல்லவே நமக்கு நாக்குச் சுளுக்குகிறது இல்லையா, அந்த ஊர்க்காரர்களுக்கும் அப்படித்தான். பெயரை மாற்றிக்கொள் என்று கூட நடித்தவர்கள் சொன்னார்கள், அவருடைய முதல் ஏஜெண்டும் சொன்னார். கூட நடித்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? இவ்வளவு நீளப் பெயரை வாசலில் விளக்குப் போட்டு எழுதினால் எந்தத் தியேட்டராலும் கரண்ட் பில் கட்ட முடியாதாம்! மனிதர் மாற்றவே இல்லை. அதே பெயர் 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் முழுசாக வந்தது. செய்யாத குற்றத்துக்குச் சிறை போன அப்பாவாக நடித்திருப்பார். ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அவரை உலகின் சிறந்த நடிகர் என்றார். அதற்கு இவர், "பீட் தன்னைத்தான் உலகின் சிறந்த நடிகனென்று நினைக்கிறான் என்றுதான் ஸ்பீல்பெர்க் சொல்லியிருப்பார்" என்று சிரித்தாராம்.

முகத்துக்கு ஒரு படம் போதும், 1996-ல் வந்த 'பிராஸ்டு ஆஃப்'. சுரங்கத்தை மூடப்போகிற ஊரில் பேண்டு வாத்தியக் குழுவின் தலைவர். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். ராத்திரியில் ஜன்னலுக்கு வெளியே அவருடைய ஆட்கள் சுரங்கத் தொப்பி விளக்கோடு நின்று வாசிக்கிறார்கள். படுக்கையில் கிடந்தபடியே அதைக் கேட்கிற அந்த முகம்! அப்புறம் போட்டியில் ஜெயித்த மேடையில் நின்று, இசைதான் முக்கியமென்று இருந்தேன், மனிதர்கள்தான் முக்கியம் என்று பேசுவார். சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது, அவ்வளவுதான்.

ஹாலிவுட் வரை போனவர் 2008-ல் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் லியர் மன்னனாக நடிக்க அதே எவ்ரிமேனுக்குத்தான் திரும்பி வந்தார். 2011-ல் புற்றுநோயில் இறந்தார். அந்த அரங்கத்தைப் புதிதாகக் கட்டி 2014-ல் மறுபடி திறந்தார்கள். ஊர் அதை விடவில்லை பாருங்கள்.

நம்ம ஊர் நாடக மன்றமோ பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் மொட்டை மாடியில் ஒத்திகை பார்க்கிறார்கள், மழை வந்தால் அதுவும் இல்லை. நகர்மன்றத் தலைவர் அம்மா, பெரிய செலவு கேட்கவில்லை, சாயங்காலம் இரண்டு மணி நேரம் சாவியைக் கொடுங்கள். சட்டியே இல்லாமல் அகப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குரலைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.