கரகரப்பிரியா 21-ஆ, 22-ஆ? ஒரு காபி தோற்ற கதை

[திரையில்: சபா கேண்டீன் வரிசை. கையில் டோக்கன்.]

மார்கழியில் மத்தியானக் கச்சேரிக்கும் சாயங்காலக் கச்சேரிக்கும் நடுவில் சபா கேண்டீன் வரிசையில் நின்றிருக்கிறீர்களா? டோக்கன் வாங்கியாச்சு, உள்ளே இடம் காலியாகணும், அதுவரை சும்மா நிற்க வேண்டியதுதான். எங்கள் குடும்பம் அந்த நேரத்தில் எழுத்து விளையாட்டு ஆடும். ஒருவர் ஓர் எழுத்தைச் சொல்வார், மற்றவர்கள் அதில் தொடங்கும் ராகங்களாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், தடுமாறினால் அவுட், கடைசியில் மிஞ்சுகிறவருக்கு அடுத்தவர் காசில் காபி.

அ என்றால் அடாணா, அமிர்தவர்ஷிணி. ஆ என்றால் ஆரபி, ஆனந்தபைரவி. அசாவேரியா ஆசாவேரியா என்று வருஷா வருஷம் ஒரு சண்டை. இ வந்தால் மாமா கூசாமல் இந்தோளம் என்பார், அது ஹிந்தோளம், செல்லாது என்பாள் அக்கா. உசேனிக்கும் இதே வழக்குதான். யதுகுல காம்போஜியை ‘எதுகுல காம்போதி’ ஆக்கி எ-வில் நுழைத்துவிட்டால் அன்றைக்கு அவர்தான் ராஜா. ஐ, ஔ இரண்டுக்கும் எங்கள் வீட்டில் இன்று வரை யாரும் வாய் திறந்ததில்லை.

சரி, இது எல்.கே.ஜி. அடுத்தது எண் சுற்று. கர்நாடக சங்கீதத்தில் 72 மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்கள். ஒருவர் பெயரைச் சொன்னதும் அது எத்தனையாவது மேளம் என்று சொல்ல வேண்டும். அத்தை என்னைப் பார்த்து “கரகரப்பிரியா” என்றார். நான் யோசிக்காமல் “21” என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த, யாரென்றே தெரியாத ஒரு பெரியவர் “22” என்று திருத்தினார். காபி போச்சு.

நான் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். தப்பு எங்கே நடந்தது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: நான்கு வரிசையாக எழுத்துகள், மேலே 1 முதல் 0 வரை]

மேளத்தின் பெயரிலேயே அதன் எண் ஒளிந்திருக்கிறது. இதற்குக் கடபயாதி என்று பெயர். க-வில் தொடங்கி ஞ வரை வடமொழி வரிசையில் எண்ணுங்கள்: க வர்க்கத்துக்கு 1 முதல் 5, ச வர்க்கத்துக்கு 6 முதல் 9, ஞ வந்தால் 0. ட-வில் மறுபடி 1, ண 5, அங்கிருந்து த 6, ந 0. ப-வில் மறுபடி 1, ம 5. ய-வில் மறுபடி 1, அப்புறம் ர 2, ல 3, வ 4, ஶ 5, ஷ 6, ஸ 7, ஹ 8. க, ட, ப, ய நாலும் 1 என்பதால்தான் அந்தப் பெயர். பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மாயாமாளவகௌளை: ம 5, ய 1, திருப்பினால் 15. மேசகல்யாணி: ம 5, ச 6, திருப்பினால் 65. கச்சேரியில் யாரும் மேசகல்யாணி என்று சொல்வதில்லை, வெறும் கல்யாணிதான். 65-ஆவது இடத்துக்குப் பொருந்த வேண்டும் என்றே முன்னால் ‘மேச’ ஒட்டியிருக்கிறார்கள். தோடிக்கு முன்னால் ‘ஹனும’ வந்ததும் 8 கிடைக்கத்தான்: ஹ 8, ந 0, ஆக 08. வீட்டுக் கதவில் நம்பர் எழுதிய மாதிரி.

72 என்ற கட்டமைப்பு 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டி பிரகாசிகையில் வந்தது. எழுத்தை எண்ணாக்கும் வித்தை அதற்கும் முந்தியது, கேரளத்து ஜோதிடர்களும் கணிதக்காரர்களும் கையாண்டது. கேரளக் கவி மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி, குருவாயூரப்பன் மேல் பாடிய நாராயணீயத்தை ‘ஆயுராரோக்ய சௌக்யம்’ என்று முடிக்கிறார். வாழ்த்து மாதிரி இருக்கிறதா? அந்த ஏழு எழுத்தைத் திருப்பினால் 17,12,210. நூல் முடிந்த கலி நாள் அது, அதாவது கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணிவந்த நாள் கணக்கு.

[திரையில்: கீரவாணி, கரகரப்பிரியா, கௌரிமனோகரி, ஒன்றின் கீழ் ஒன்று]

இப்போது என் காபிக்கு வருவோம். இந்த மூன்று பெயரையும் தமிழில் பாருங்கள். மூன்றிலும் முதல் எழுத்து க வரிசை, இரண்டாவது ர வரிசை. க 1, ர 2, திருப்பினால் மூன்றுக்குமே 21. ஆனால் 21 கீரவாணிக்கு மட்டும்தான் சொந்தம். கரகரப்பிரியாவின் முதல் எழுத்து வல்லோசையோடு மூச்சும் சேர்ந்து வரும் இரண்டாவது க, ஆகவே 22. கௌரியின் முதல் எழுத்து ‘கௌரவம்’ என்கிறபோது வரும் மூன்றாவது க, ஆகவே 23. நமக்கு ஒரே க, அங்கே நான்கு.

பாட்டிலும் மூன்றும் பக்கத்து வீடுகள்தான். ச-விலிருந்து ப வரை மூன்றுக்கும் ஒரே ஸ்வரங்கள். கீரவாணியில் சுத்த தைவதம், அதாவது ‘த’ ஸ்வரத்தின் தாழ்ந்த வகை; காகலி நிஷாதம், அதாவது ‘நி’ ஸ்வரத்தின் உயர்ந்த வகை. அந்தத் தைவதத்தை மட்டும் ஒரு படி மேலே, சதுச்ருதிக்கு ஏற்றினால் கௌரிமனோகரி. அதிலிருந்து நிஷாதத்தை மட்டும் ஒரு படி கீழே, கைசிகிக்கு இறக்கினால் கரகரப்பிரியா. வீட்டில் கீபோர்டு இருந்தால் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், ஒரு கட்டை மாறும்போது மூடே மாறிவிடும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த விஷயம். தமிழில் அச்சான பழைய சங்கீதப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் குட்டியாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். க², க³ என்று. உச்சரிப்புக்காகப் போட்டது அது. ஆனால் க, ட, ப வரிசைகளில் அந்தக் குட்டி எண்ணேதான் கடபயாதி எண்! க² என்றால் 2, க³ என்றால் 3, விடை அங்கேயே அச்சாகி இருக்கிறது. ச, த வரிசைகளில் மட்டும் அதோடு 5 கூட்ட வேண்டும். தீரசங்கராபரணத்தின் முதல் எழுத்து த⁴, 4-ம் 5-ம் 9, அடுத்து ர 2, ஆக 29. குட்டி எண்ணைக் கவனிக்காமல் வெறும் த என்று எடுத்தால் 26, அது சாருகேசி வீடு. இத்தனை வருஷமாக அந்த எண்களை அச்சுப்பிழை மாதிரி தாண்டிப் போயிருக்கிறேன்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கூட்டெழுத்து வந்தால் கடைசி மெய்யைத்தான் எடுக்க வேண்டும் என்பது பொது விதி. ரத்னாங்கியில் த்ந-வில் ந-வை எடுத்தால் சரியாக 02. அதே விதியைச் சக்ரவாகத்துக்குப் போட்டால் ர 2, அதுவும் 26, மறுபடியும் சாருகேசி வீட்டு வாசலில் நிற்போம். அங்கே மட்டும் க-வை எடுத்தால்தான் 16. ஏன் என்று அத்தையைக் கேட்டால், “அது அப்படித்தான்” என்பார். ஷண்முகப்பிரியாவில் இந்தப் பிரச்சினையே இல்லை, ண-வை எடுத்தாலும் 5, ம-வை எடுத்தாலும் 5, எப்படிப் போனாலும் 56.

[திரையில்: 51, ?, 53]

போவதற்கு முன்னால் ஒன்று. காமவர்த்தினி, கமனாசிரமா இரண்டும் தமிழில் க, ம-தான். முதலாவது 51, இரண்டாவதில் மூன்றாவது க, எனவே 53. நடுவில் இருக்கும் 52 எது? க²-வில் தேடாதீர்கள், கிடைக்காது. 2 என்பது இன்னும் எந்தெந்த எழுத்துக்கு என்று மேலே போய்ப் பாருங்கள். கமெண்டில் எழுதுங்கள், அத்தை திருத்துவார்.