சுரைக்காயை எந்த அலமாரியில் வைப்பது?

(உலகப் பூர்வகுடிகள் நாளையொட்டி நடந்த நூலகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் நூலகர் சங்கத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என் தகுதிக்கு மேலேயே என்னைப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மொழியியல் பேராசிரியப் பெருமக்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருளுங்கள். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் தன் நேரத்தையும் என் நேரத்தில் பாதியையும் அழகாகப் பயன்படுத்திக்கொண்டார். அதற்கும் நன்றி.

பூர்வகுடி மக்களைப் பற்றிய நோக்கு நூல்கள், அதாவது வேண்டும்போது எடுத்துப் புரட்டிப் பார்க்கும் நூல்கள், என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். வரலாறு, மொழி, பண்பாடு, நலவாழ்வு என்று நான்கையும் தொடுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். பார்ப்போம்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். என் பேச்சை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. ஆனால் இன்றைக்கு இந்தப் பழமொழி தோற்றுப்போன கதையைச் சொல்லப்போகிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் வாம்பனோவாக் என்றொரு மக்கள். ஜான் எலியட் என்ற பாதிரியார் அவர்களை மதம் மாற்றுவதற்காக, 1663இல் அவர்கள் மொழியிலேயே முழு பைபிளையும் அச்சிட்டார். அமெரிக்கக் கண்டத்தில் அச்சான முதல் முழு பைபிள் அதுதான். ஆங்கில பைபிள்கூட அங்கே அப்புறம்தான் அச்சானது. அதற்கு அச்சுக் கோத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரிண்டர், நிப்மக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். அந்த மக்கள் எழுதக் கற்றார்கள். உயில், நிலப் பத்திரம், கடிதம் எல்லாம் சொந்த மொழியில் எழுதிவைத்தார்கள். பிறகு நிலம் போனது, 19ஆம் நூற்றாண்டில் பேச்சும் நின்றுபோனது. எஞ்சியது காகிதம் மட்டும்.

1990களின் தொடக்கத்தில் அதே இனத்தைச் சேர்ந்த ஜெசி லிட்டில் டோ பேர்ட் என்ற பெண்ணுக்கு அடிக்கடி ஒரு கனவு வந்தது. முகங்கள் தெரிந்த முகங்களாக இருந்தன, பேச்சு மட்டும் புரியவில்லை. பிறகொரு நாள் சாலையோரப் பலகையில் பழைய ஊர்ப் பெயரைப் பார்த்தபோது, 'அட, கனவில் கேட்ட ஓசை இதுதானே!' என்று தோன்றியிருக்கிறது. அவர் சமூகப் பணியாளர். மொழியியல் படித்தவர் இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் போய்ச் சேர்ந்தார். கென் ஹேல் என்ற பெரிய மொழியியல் அறிஞரிடம் படித்தார். பைபிளையும் பத்திரங்களையும் பக்கம் பக்கமாகப் பிரித்து இலக்கணம் கண்டார். கிடைக்காத சொல்லுக்கு உறவு மொழிகளைத் துழாவினார், தமிழில் விட்டுப்போன சொல்லுக்கு நாம் மலையாளத்திலும் கன்னடத்திலும் தேடுவோமே, அப்படி. அப்புறம் தன் மகளைப் பிறந்த நாள் முதல் அந்த மொழியிலேயே வளர்த்தார். நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அதைத் தாய்மொழியாகப் பேசிய முதல் குழந்தை அவள்தான்.

ஏட்டுச் சுரைக்காய் அடுப்பேறிக் கறியாகிவிட்டது, ஐயா!

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்தில் பூசணி வகைகளை ஸ்குவாஷ் என்கிறார்கள் அல்லவா? அது வாம்பனோவாக்குக்கு அக்கம்பக்கத்து மொழியான நாரகான்செட்டிலிருந்து போன சொல். நம் சுரைக்காய்க்கும் அது ஒன்றுவிட்ட உறவுதான்.

சரி, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நலவாழ்வைப் பற்றி ஒரு வார்த்தை. 1980களில் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்து மருத்துவர் மேசன் டூரி உடல்நலத்தை நான்கு சுவர் கொண்ட வீடாக வரைந்து காட்டினார்: உடல், மனம், ஆன்மா, குடும்பம். ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு சாயும். பண்பாட்டைப் பற்றியும் சொல்ல வைத்திருந்தேன், அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நான் உண்மையில் பேச வந்தது அலமாரி பற்றி.

நூலகர்களுக்குத் தெரிந்ததுதான். நூல்களைப் பிரித்து அடுக்க அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வகுத்த காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் 'ஈ' (E) என்ற ஆங்கில எழுத்து அமெரிக்க வரலாற்றுக்கு உரியது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளை அதில் 75 முதல் 99 வரையிலான எண்களில் அடைத்திருக்கிறார்கள். இன்று உயிரோடிருக்கும் மக்களின் சமையலானாலும் சட்டமானாலும், பெரும்பாலும் வரலாற்று அலமாரியில்தான் தேட வேண்டும். இனங்களோ அகரவரிசையில்! ஆற்றின் இக்கரையும் அக்கரையுமாக வாழ்பவர்கள் அலமாரியில் ஆளுக்கொரு மூலையில் கிடப்பார்கள். கனடாவின் கானவாகே என்ற ஊரைச் சேர்ந்த மோஹாக் பூர்வகுடி நூலகர் பிரையன் டியர் 1970களில் இதைப் புரட்டிப்போட்டு ஒரு வகைப்பாடு செய்தார். அண்டை மக்களை அண்டையிலேயே வைத்தார். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பூர்வகுடிகளுக்கென உள்ள கிளை நூலகம் அதைத் தழுவித்தான் இன்றும் அடுக்குகிறது.

நான் பணியாற்றிய ஒரு நூலகத்தில் இதைச் சொன்னேன். "சார், ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டியாச்சே" என்றார் பொறுப்பாளர். ஒரு மக்களைப் பிணமாக அடுக்கிவைக்கிறோம், நமக்கு ஸ்டிக்கர் கவலை! வாம்பனோவாக் பெண்ணுக்கு ஏடு கிடைத்ததால் கறி கிடைத்தது. ஏட்டையே தவறான பெயரில், தவறான மூலையில் ஒளித்துவைத்தால்? அப்போதுதான் அந்தப் பழமொழி பலித்துவிடும்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு மக்களைப் பற்றிய நூலுக்கு நூலகப் பட்டியலில் தலைப்புச் சொல் போடும் முன், தங்களை என்ன பெயரில் அழைத்துக்கொள்கிறார்கள் என்று அந்த மக்களையே கேளுங்கள். இதை மனுவாக எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாகத் தேநீர் இடைவேளையிலேயே வாக்களித்துவிட்டார். இனி அவர் பின்வாங்க முடியாது. நன்றி, வணக்கம்.