திருச்சி டூ சான் பிரான்சிஸ்கோ: நெட்ல காட்டுற நேரத்த நம்பி டிக்கெட் போடாதீங்க

வணக்கம் மக்களே, மன்னார்குடிலேர்ந்து பேசுறேன். பொண்ணு பிரசவத்துக்கு, பேரப்புள்ளய பாக்கன்னு நம்ம டெல்டா பக்கத்து அம்மா அப்பாவெல்லாம் தனியாவே அமெரிக்கா கெளம்புறாங்க, அவங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

திருச்சி டூ சான் பிரான்சிஸ்கோன்னு நெட்ல போட்டா சுமார் 14,200 கிலோமீட்டர்னு வரும், மணிக்கு 900 கிலோமீட்டர்னு வகுத்து 16 மணி நேரம்னு காட்டும். அது பூமி உருண்டை மேல நூல் புடிச்ச தூரம், இமயமலைய தாண்டி சைபீரியா மேல ஏறி அலாஸ்கா பக்கமா எறங்குற கோடு. அந்தக் கோட்டுல திருச்சிலேர்ந்து பிளைட்டே கெடையாது. நம்ம ரன்வே ரெண்டரை கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி, அவ்ளோ தூரத்துக்கு எரிபொருள் ரொப்பிக்கிட்டு பெரிய விமானம் ஏறுறதுக்கு அது பத்தாது.

நெசமா போற வழி சிங்கப்பூர். திருச்சி டூ சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர் வாக்குல, நாலு மணி நேரம் சொச்சம். அங்கேர்ந்து சான் பிரான்சிஸ்கோ 13,600, பதினஞ்சு மணி நேரம் பக்கம். ஆக 2,300 கிலோமீட்டருக்கு மேல சுத்து. இதோட மன்னார்குடிலேர்ந்து கார்ல ரெண்டரை மணி நேரம் (திருவெறும்பூர் டிராபிக் தனி), ஏர்போர்ட்ல மூணு மணி நேரம் முன்னாடி, சிங்கப்பூர்ல வெயிட்டிங், அமெரிக்கால எறங்கி இமிகிரேஷன், எல்லாம் சேத்தா வாசப்படிலேர்ந்து வாசப்படிக்கு முப்பது மணி நேரம் வந்துரும்.

திரும்பி வர்றப்ப இன்னும் ஜாஸ்தி. மேல மேற்குலேர்ந்து கெழக்க பலமா காத்து அடிக்கும், ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்வாங்க. போறப்ப அது தள்ளி விடும், வர்றப்ப எதுத்து வரணும், அதனால சான் பிரான்சிஸ்கோ டூ சிங்கப்பூருக்கு மட்டும் பதினேழு மணி நேரம் வரைக்கும் போகும்.

தயவுசெஞ்சு ரெண்டு பிளைட்டுக்கும் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல டிக்கெட் போடுங்க. காசு மிச்சம்னு தனித்தனியா போட்டா மொத பிளைட் லேட்டானா அடுத்த பிளைட்காரன் பொறுப்பு எடுக்க மாட்டான், பேக் எடுக்க சிங்கப்பூருக்குள்ள போகணும்னா அங்க இமிகிரேஷன தாண்டணும், அறுபத்தஞ்சு வயசு அம்மா அங்க தனியா நின்னு என்ன பண்ணுவாங்க சொல்லுங்க. வீல்சேரும் புக்கிங்கப்பவே கேட்டுருங்க, காசு கெடையாது.

இன்னொன்னு, இதுதான் ரொம்ப முக்கியம். சிங்கப்பூர்ல காலைல ஒம்போது மணிக்கு கெளம்புனா, கோடை காலத்துல சான் பிரான்சிஸ்கோல அதே தேதி காலைல ஒம்போது மணி வாக்குலதான் எறங்குவாங்க. நடுவுல தேதி மாறுற கோட்ட தாண்டுறாங்க, ரெண்டு ஊருக்கும் பதினஞ்சு மணி நேர வித்தியாசம். கடிகாரத்த பாத்தா நேரமே ஓடாத மாதிரி இருக்கும், ஆனா ஒடம்புக்கு பதினஞ்சு மணி நேரம் போயிருக்கும். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க ஊர்லயே டாக்டர்ட்ட டிக்கெட்ட காட்டி, கெளம்பி எத்தன மணி நேரம் கழிச்சு எதப் போடணும்னு தமிழ்ல ஒரு சீட்டுல பெருசா எழுதி வாங்கிக்குங்க, மாத்திரையோட அந்தச் சீட்டையும் கைப்பைல வைங்க, செக்கின் பேக்ல போட்றாதீங்க.