பெரிய கோஷ்டியின் புதிய அல்பமும் விமர்சகர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

ரொறன்ரோவில் ஓர் உறவினராவது இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. அங்கே பனி எவ்வளவு கொட்டியது, வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது எல்லாம் எங்களுக்கு உடனுக்குடன் தெரியவரும். அந்த நகரத்தின் இசை மட்டும் இங்கே வந்து சேருவதில்லை. வருவதெல்லாம் எங்கள் ஆட்கள் அங்கே மண்டபம் எடுத்துச் செய்கிற அரங்கேற்ற வீடியோக்கள்தான். நான் இன்றைக்கு எடுத்துக்கொண்டது, 1999இல் ரொறன்ரோவில் தொடங்கிய புரோக்கன் சோஷல் சீன் என்ற றொக் கோஷ்டியை. அவர்கள் புது அல்பம் போட்ட ஒவ்வொரு தடவையும் விமர்சகர்கள் அதை எப்படிக் கேட்டார்கள் என்பதே என் பேச்சு.

கெவின் ட்றூ, பிரெண்டன் கனிங் என்ற இருவர் தொடங்கிய கோஷ்டி அது. பிறகு ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். சில காலம் ஆறு பேர், சில காலம் பத்தொன்பது பேர். ஃபைஸ்ட், எமிலி ஹெயின்ஸ், ஏமி மிலன் என்று பாடுகிறவர்களுக்கெல்லாம் வேறு குழுவோ தனி அல்பமோ உண்டு. நேரம் வாய்க்கும்போது வந்து சேருவார்கள், பிறகு தங்கள் பாட்டில் போய்விடுவார்கள். பெரிய கம்பனிகளை நம்பியிராமல் சொந்த நண்பர் வட்டத்துக்குள்ளேயே ஒரு வெளியீட்டு நிறுவனத்தையும் வைத்துக்கொண்டார்கள். இண்டி, அதாவது பெரிய கம்பனிகளைச் சாராதவர்கள் என்று இவர்களைச் சொல்வது அதனால்தான்.

2002இன் கடைசியில் இரண்டாவது அல்பம் வந்தது, பெயர் ‘யூ ஃபொர்கொட் இட் இன் பீப்பிள்’. அடுத்த வருடத் தொடக்கத்தில் பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இதழ் அதற்குப் பத்துக்கு 9.2 போட்டது. தசமப் புள்ளி வைத்து இசைக்குப் புள்ளி போடுகிற இதழ் அது. யாருக்கும் தெரியாத கோஷ்டியின் தட்டைக் கடை கடையாகத் தேட வைத்தது அந்த எண்தான். 2003இல் கனடாவின் ஜூனோ விருதும் கிடைத்தது. இதில் எனக்குக் குறையில்லை. நல்ல அல்பத்தை நல்லது என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு அல்பத்தையும் அந்த 9.2க்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கிற பழக்கமும் தொற்றிக்கொண்டது. அடுத்ததாக, யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று ஆள் எண்ணுகிற பழக்கம்.

ஆள் எண்ணுவது எங்களுக்கும் புதிதல்ல. கோயில் திருவிழாவில் மேளச் சமா, அதாவது பல தவில், நாதஸ்வரக் கூட்டங்கள் சேர்ந்து வாசிக்கிற கச்சேரி என்றால் நோட்டீசில் பெயர்கள் வரிசையாக இறங்கும். ‘இண்டைக்கு எத்தினை கூட்டம் மேளம்?’ என்பதுதான் முதல் கேள்வி. சனம் வருவதும் அந்த எண்ணிக்கைக்காகத்தான். ஆனால் வீதி மணலில் இருந்து விடிய விடியக் கேட்டவர், காலையில் தேத்தண்ணிக் கடையில் எண்ணிக்கையைப் பற்றிக் கதைக்க மாட்டார். எந்தத் தவில்காரர் மற்றவருக்கு இடம் விட்டு வாசித்தார், யார் நாதஸ்வரத்தை அமுக்கி அடித்தார், கடைசிக் கோர்வை சேர்ந்து விழுந்ததா, இடறியதா? கதை இதைச் சுற்றித்தான். 1975இல் காலமான தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரே கேட்ட பெரியவர்கள் எனக்குச் சொன்னதும் அப்படித்தான். அவருடைய வேகத்தைச் சொல்லத் தொடங்கி, அவர் விட்ட இடைவெளியில் வந்து நிற்பார்கள்.

சமாவில் ஒரு முறை உண்டு. ஒருவர் வாசிக்க மற்றவர் காத்திருப்பார். இந்தக் கனடாக் கோஷ்டியில் காத்திருப்பு குறைவு. மூன்று நான்கு கிற்றார், பேஸ், ட்றம்ஸ், ட்றம்பெற், வயலின், ஆண் குரல், பெண் குரல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். கிற்றாரும் மனிதக் குரலும் பெரும்பாலும் ஒரே ஸ்தாயிப் பகுதியில் ஒலிப்பவை. ஒன்றை உயர்த்தினால் மற்றது மறையும். ஆகவே ஒலிக்கலவை செய்கிறவர் இங்கே வெறும் தொழில்நுட்ப ஆள் அல்ல, அவரும் ஒரு வாத்தியக்காரர்தான். 2002 அல்பத்தையும் 2005இல் கோஷ்டியின் பெயரிலேயே வந்த அல்பத்தையும் தயாரித்தவர் டேவிட் நியூஃபெல்ட்.

2005 அல்பம் வந்தபோது ஒரு முறைப்பாடு எழுந்தது. சத்தம் நெரிசலாக இருக்கிறது, குரல் உள்ளே புதைந்து கிடக்கிறது, சொல் பிடிபடவில்லை என்றார்கள். பிட்ச்ஃபோர்க் 8.4 போட்டது. மோசமான புள்ளியில்லை, முந்தியதைவிடக் குறைவு, அவ்வளவே. ஜூனோ விருது அதற்கும் கிடைத்தது. என் காதுக்கு இவர்களின் அல்பங்களில் சிறந்தது இதுதான். குரல் புதைந்திருக்கிறது என்பது உண்மை. புதைத்தது வேண்டுமென்றே. பாடுகிறவரை முன்னுக்கு நிறுத்தி மற்றவர்களைப் பக்கவாத்தியமாக்க அவர்கள் விரும்பவில்லை. கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், இடது பக்கம் ஒரு கிற்றார், வலது பக்கம் இன்னொன்று, நடுவில் ஒரு குரல் மூச்சுவிடுவது எல்லாம் பிரிந்து தெரியும். மினிபஸ்ஸில் பாட்டுக் கேட்டுப் பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் பொறுமை கேட்கிற வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

2010 அல்பத்தை ஜோன் மக்கென்டையர் தயாரித்தார். ஒலி துப்புரவாக வந்தது. நெரிசல் என்று குறைப்பட்டவர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கென்னவோ பெருக்கித் துடைத்த முற்றத்தில் ஆட்களைக் காணவில்லை. ஆனால் அதுவும் கனடாவின் சிறந்த அல்பத்துக்குக் கொடுக்கிற பொலாரிஸ் பரிசின் குறும்பட்டியலுக்குப் போனது, 2005 அல்பம் 2006இல் போனதைப் போல. இரண்டு தடவையும் பரிசு வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. இந்தப் பொலாரிஸ் முறை எனக்குப் பிடிக்கும். எத்தனை தட்டு விற்றது என்பதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கடைசியில் பதினொரு பேர் ஓர் அறைக்குள் இருந்து வாதாடி முடிவெடுப்பார்கள். மெற்றாகிரிட்டிக் என்ற தளம் செய்வது இதற்கு நேர் எதிர். பல இதழ்களின் நட்சத்திரங்களையும் புள்ளிகளையும் நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கிறது. எந்த இதழுக்கு எவ்வளவு கனம் கொடுக்கிறது என்பதை வெளியில் சொல்வதில்லை. ஒருவருக்கு நெரிசலாகக் கேட்டதையும் இன்னொருவருக்கு நிறைவாகக் கேட்டதையும் கூட்டிப் பிரித்தால் என்ன மிஞ்சும்?

இப்போது 2017க்கு வருகிறேன். ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு வந்தது ‘ஹக் ஒஃப் தண்டர்’. 2015இல் பாரிஸில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகுதான் மறுபடி ஒன்றுகூட வேண்டும் என்ற நினைப்பு வலுத்தது என்று கெவின் ட்றூ சொல்லியிருந்தார். அல்பம் வருவதற்கு முன்னர், 2017 மே மாதம் மன்செஸ்ரரில் குண்டு வெடித்து 22 பேர் இறந்ததற்கு அடுத்த நாள் இரவு, அதே நகரத்தில் இவர்களுக்கு ஒரு கச்சேரி இருந்தது. நிறுத்தவில்லை, மேடையேறி வாசித்தார்கள். அந்த ஊர்க் கிற்றார்க் கலைஞர் ஜொனி மார் வந்து கூடச் சேர்ந்தார்.

இவ்வளவும் நடந்த பிறகு வருகிற அல்பத்தை யார்தான் கடுமையாக விமர்சிப்பார்? இருண்ட காலத்தில் கிடைத்த ஆறுதல், பழைய நண்பர்களின் மீள்வருகை என்று எழுதினார்கள். குண்டுச் சத்தத்துக்குப் பிறகு ஒரு கச்சேரி நடப்பது என்னவென்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறவனுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த இரவை நான் மதிக்கிறேன். ஆனால் அல்பம் வேறு, அந்த இரவு வேறு. ஆறுதலுக்குக் கொடுத்த புகழை இசைக்குக் கொடுத்ததாகக் கணக்கு வைத்துவிட்டார்கள். ஏரியல் ஏங்கிள் என்ற பாடகி இந்த அல்பத்தில் புதிதாகச் சேர்ந்து சில பாட்டுகளை முன்னின்று பாடுகிறார். அல்பத்தின் பாதிப் புதுமை அவருடைய குரலில்தான் இருக்கிறது. நான் வாசித்த விமர்சனங்களில் திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று, எல்லோரும் சேர்ந்து உச்சத்துக்கு ஏறுகிற அந்தப் பழைய உத்தி இதில் அடிக்கடி வருகிறது. மூன்றாவது தடவை ஏறும்போதே, இனி என்ன நடக்கும் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. இதைச் சொல்வதற்கு மனத்தாங்கல் ஒன்றும் வேண்டாம், கேட்டால் போதும்.

எங்கள் பக்கமும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துப் பெடியள் இப்போது சொந்தமாகப் பாட்டுக்கட்டி, வீட்டு அறையிலேயே பதிவுசெய்து வெளியிடுகிறார்கள். கிடைக்கிற விமர்சனம் இரண்டே வகை. ‘சுப்பர் தம்பி’, இல்லாவிட்டால் ‘எங்கட பண்பாடு கெட்டுப்போச்சு’. பேஸ் கூடி வரி அமுங்கிப் போனதை யாரும் சொல்வதில்லை. எங்கள் இளவயதில் நித்தி கனகரத்தினத்தின் பொப் பாட்டுகளும் ஏ.ஈ. மனோகரனின் பாட்டுகளும் கலியாண வீடுகளில் ஒலிக்காத நாளில்லை. அவற்றில் கிற்றார் எப்படி வாசிக்கப்பட்டது என்று ஒருவர் வாய்திறந்து நான் கேட்டதில்லை. மேளத்துக்கு இருக்கிற காது கிற்றாருக்கு ஏன் இல்லை? காது ஒன்றுதானே.

சரி, நேரம் முடிகிறது. அடுத்து நிலையத்தார் ‘ஹக் ஒஃப் தண்டர்’ அல்பத்தின் பெயர்ப் பாட்டை ஒலிபரப்புகிறார்கள். பாடுபவர் ஃபைஸ்ட். அவருடைய குரலை ஒரு தரம் விட்டுவிட்டு, பேஸ் கிற்றாரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மற்றக் குரல்கள் உள்ளே வரும்போது அது இடம் விடுகிறதா, நெருக்குகிறதா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். வணக்கம்.