ஐந்நூறுக்குப் பின்னால் இரண்டு கோடு

(திருகோணமலையில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வர்த்தகப் பெருமக்களே, ஓய்வுபெற்ற அதிபர்களே, வங்கி முகாமையாளர் ஐயா அவர்களே, மழையையும் பாராமல் கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, தாய்மாரே, பின்கதவோரம் நிற்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒருவரை விட்டுவிட்டேன், அவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

இன்று மூன்று விடயம். காசுக் குறிகள் வந்த வழி, எங்கள் ரூபாயின் கதை, இனி வரும் கைத்தொலைபேசிக் காசு.

முதலாவது சுருக்கமாக. பவுணுக்குப் போடும் £, ‘லிப்ரா’ என்ற லத்தீன் எடைச்சொல்லின் முதலெழுத்து. இங்கே யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தங்கள் காசில் நந்தியைப் பொறித்து, தமிழில் ‘சேது’ என்று எழுதினார்கள். காசில் தமிழ் எழுத்து எங்களுக்குப் புதிதல்ல.

சரி, ரூபாய்க்கு வருவோம். என் அப்பப்பா செட்டியார் கடையில் கணக்குப் பழகியவர். பிறகு இங்கே சொந்தமாக அரிசிக்கடை வைத்தார். கடன் கொப்பி முழுக்கத் தமிழ் இலக்கம்தான். அறுபதுகளில் ஒருநாள் மூதூரிலிருந்து ஒருவர் லோஞ்சில் வந்து இறங்கினார். வாப்பா மௌத்தாகிவிட்டார், கடையில் அவருடைய கடன் இருக்கிறது, தீர்க்க வந்தேன் என்றார். அப்பப்பா கோயிலுக்குப் போயிருந்தார். கடையில் நின்றது பெரியப்பா. இங்கிலீஷ் படித்தவர், அதுதான் வினை. கொப்பியில் ‘௹ ௫௰’ என்று இருந்தது. முதலாவது ரூபாய்க் குறி. அடுத்தது ஐந்து, பார்க்க ‘ரு’ போலவே இருக்கும். கடைசி பத்து, ‘ய’ போல. ஐந்து பத்து, ஐம்பது. பெரியப்பாவோ ‘ரு’வைப் பார்த்து, “அப்பா ரூபாயை ரெண்டு தரம் எழுதிப்போட்டார்” என்று சொல்லிப் பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு, கணக்கை வெட்டி, வந்தவருக்குத் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பிவிட்டார்!

அப்பப்பா வந்து கொப்பியைப் பார்த்தார். பெரியப்பாவுக்கு விழுந்தது விழுந்தது. அந்த நேரம் பார்த்து மூதூர்க்காரர் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வருகிறார். “முதலாளி, வாப்பா அம்பது எண்டுதான் சொன்னவர். மிச்சம் நாப்பது அவர்ட கழுத்தில கிடக்கக் கூடாது” என்று காசை மேசையில் வைத்தார். லோஞ்ச் போய்விட்டது. அன்றிரவு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அப்பப்பா சோற்றைப் பிசைந்தபடி பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாராம்: “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.”

நான் இங்கே எந்த விடயம் பேசினாலும் அந்தப் பழமொழியில்தான் வந்து நிற்பேன், உங்களுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் கடைப் பலகைகளைப் பாருங்கள். மீன் சந்தையில் ‘500/=’. அந்தச் சாய்கோடும் இரட்டைக் கோடும் என்ன? பழைய இங்கிலீஷ் காசில் ஐந்து ஷில்லிங், அதற்குக் கீழே பென்ஸ் சில்லறை ஒன்றுமில்லை என்பதற்கு, ஐந்துக்குப் பின்னால் வெள்ளைக்காரன் போட்ட கோட்டின் மிச்சம். 1872இல் எங்கள் ரூபாயை நூறு சதமாகப் பிரித்தார்கள். சதமே இன்று கையில் இல்லை, கோடு மட்டும் இருக்கிறது.

கோட்டையாவது பொறுக்கலாம். எங்கள் கோயில் திருவிழா நோட்டீசில் உபயம் ஐயாயிரம் என்பதற்கு முன்னால் ஓர் அச்சகம் ₹ என்று போட்டுவிட்டது. அது 2010இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குறி. வடிவமைத்த உதயகுமார் ஒரு தமிழர், பெருமைதான். ஆனால் அது இந்திய ரூபாய்க்கு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் அழைத்து, இந்தியக் காசா இலங்கைக் காசா அனுப்ப என்று கேட்டார். ஒப்புப் பார்த்தவன் நான்தான், வெட்கமாகப் போய்விட்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும். இது கோயில் காசு.

மொரிசியசில் 1998இல் நாணயத்தாளில் தமிழை ஒரு வரி கீழே தள்ளினார்கள். அங்குள்ள தமிழர் விடவில்லை. அடித்த தாளையே அரசு மீளப் பெற்றது. நான் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. தமிழ்ப் பலகையில் ‘ரூ.’ என்று எழுதுங்கள். பில்லையும் தமிழில் அடியுங்கள். ௹ இன்று எல்லாக் கணினியிலும் இருக்கிறது, ஆசைப்பட்டவர்கள் அதையும் போடலாம்.

தலைவர் மணியடித்துவிட்டார். கைத்தொலைபேசிக் காசு அடுத்த மாதம். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பலகை மாற்றச் சம்மதிப்பவர்கள் கடைப் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பேனையை நூலில் கட்டியிருக்கிறோம், போன முறை யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.